நைனா பிடித்த ஒரே கேட்ச்

பேரனின் கிரிக்கெட் கையுறையை முகர்ந்ததும், ஆம்பூர் தோல்ஷாப்புக்குப் பின்னால், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை காயவைக்கும் மைதானத்தில், தோல் துண்டுகளில் தானே தைத்த உறைகளை மாட்டிக்கொண்டு விக்கெட் கீப்பராகக் குந்தியிருந்த என் நைனா நினைவுக்கு வந்தார். ஆடியது இரண்டே ஆட்டம்; ரன் பூஜ்யம், கேட்ச் ஒன்று. அந்தக் கேட்சில் அவருடைய ஆள்காட்டி விரல் வீங்கி மரத்துப்போனது. தோலைத் தடவியே தரம் பிரித்து எங்களுக்குச் சோறு போட்ட விரல்.

நைனா வேலைக்குப் போகாத நாலாம் நாள், தோல்ஷாப் மேஸ்திரி விரலைச் சோதிக்க ஓர் ஆட்டுத்தோலோடு வீட்டுக்கு வந்தார். நைனா கண்ணை மூடித் தடவினார்.

"கழுத்தாண்ட முள்ளு கீறியிருக்குது, மேஸ்திரி."

மேஸ்திரி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஆமாம்பா. நாளைக்கு வந்துடு."

அம்மா அந்த உறைகளை மாட்டிக்கொண்டு சோற்றுப்பானையை இறக்கினாள். "இன்னாமா புடிக்குது பாரு" என்றாள். நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.