மதில்மேல் சைக்கிள் விட்ட ஆனி மாதம்

நியூ ஜெர்ஸியில் வீடுகளுக்கு மதில் கிடையாது. புல்தரை வாசற்படியிலிருந்து கிளம்பி நேரே தெருவில் போய் நிற்கும். பக்கத்து வீட்டு நாய் வந்து நம் ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டுப் போகும், கேட்பாரில்லை. எடிசன் பக்கம் இந்த வீட்டை வாங்கிய புதிதில் போட்டோ எடுத்து மாயவரத்துக்கு அனுப்பினேன். அப்பாவின் பதிலில் வீடு லட்சணமாக இருக்கிறது என்று ஒரு வரி, காம்பவுண்டு சுவர் எப்போது எழுப்பப் போகிறாய் என்று நான்கு வரி. இங்கே யாரும் எழுப்புவதில்லை அப்பா, எழுப்பினால் அக்கம்பக்கத்தார் கோபித்துக்கொள்வார்கள் என்று எழுதினேன். அவர் நம்பவில்லை. நான் எழுதியவற்றில் அவர் நம்பாதது அது ஒன்றுதான். நம்பக் கூடாத ஒன்றை முழுசாக நம்பினார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆனி மாதத்தில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்வதாக ஏற்பாடு. நான் ஒரே பிள்ளை. மஞ்சள் தடவிய பத்திரிகை தபாலில் வந்தது, அழைப்பவன் என்ற இடத்தில் என் பெயர்தான் அச்சாகியிருந்தது. நான் ஏரோகிராம் எடுத்து எழுதினேன்: கிரீன் கார்டுக்கு மனு போட்டிருக்கிறேன், கார்டு கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கார்டு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. அந்த ஏரோகிராமை எழுதிய மேஜையின் இழுப்பறையில்தான் அது இருந்தது.

ஏனய்யா இப்படிச் செய்தாய் என்பீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே இருப்பவர்களுக்குப் புரியும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு வாரம் லீவு. அதைச் சேர்த்துச் சேர்த்து ஊருக்குப் போனால், இறங்கிய அன்றே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கால்குலேட்டர் யாருக்கு, ஷேவிங் செட் யாருக்கு, போன தடவை எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று ஒரு மூக்குச் சிந்தல். அப்புறம் வீடு வீடாக விருந்து. ஒரு வீடு விட்டுப்போனால் பத்து வருஷத்துக்குப் பேச்சு. மூன்றாம் நாள் எங்கள் மகள் உமாவுக்கு வயிறு கெட்டுவிடும், மிச்ச நாளெல்லாம் டாக்டர் வீட்டு பெஞ்சு. "ஒரே ஒரு தடவை, நம்மகிட்ட யாரும் எதுவும் கேக்காத ஊருக்குப் போவோங்க," என்றாள் என் மனைவி வசந்தி. அவள்மேல் பழி போட மாட்டேன். கேட்டபோது எனக்கு இனித்தது.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் இத்தாலிய வம்சம். ரோமுக்கு எல்லாரும் போவார்கள், நீ லூக்கா என்ற சின்ன ஊருக்குப் போ என்றார். போனோம். ஊரைச் சுற்றி ஒரு கல் உடையாத மதில். மதில் என்றால் நம் ஊர்க் கோயில் மதில் மாதிரி இல்லை. மேலே ரோடு போடலாம் போல அகலம், இருபுறமும் பெரிய பெரிய மரங்கள், நிழலில் கிழவர்கள் சீட்டாடுகிறார்கள். வாடகைக்கு மூன்று சைக்கிள் எடுத்து மதில்மேலேயே ஊரைச் சுற்றினோம். ஒரு பக்கம் பார்த்தால் ஓட்டுக் கூரைகளும் மணிக்கூண்டுகளும், மறு பக்கம் பார்த்தால் மலை. உச்சியில் மரங்கள் வளர்ந்து நிற்கிற ஒரு கோபுரத்தில் ஏறினோம். பழைய காலத்து விளையாட்டரங்கை அப்படியே வளைத்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதன் நடுவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். எங்களை யாருக்கும் தெரியாது. அந்த மூன்று நாள் நான் யாருக்கும் பிள்ளை இல்லை, அத்தான் இல்லை, அமெரிக்கா மாமா இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த லீவிலும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள்தான் திருக்கடையூரில் கல்யாணம். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் காலையில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் மதியம். கலச நீர் ஊற்றித் தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்தி நடக்கும். அந்த அம்மாளுக்கு நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியும். அப்பா அம்மா இருக்கிறார்களா என்று கேட்டாள். இந்தியாவில் இருக்கிறார்கள் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கையை விமானமாக்கி, அமெரிக்காவிலிருந்து கிளப்பித் தன் சாப்பாட்டு மேஜையில் இறக்கி, அங்கிருந்து மறுபடி கிளப்பி இந்தியாவில் இறக்கினாள். பாதி வழியில் இளைப்பாற இறங்கியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். பெற்றவர்களைப் பார்க்கத்தானே யாரும் இவ்வளவு தூரம் வருவார்கள் என்பது அவள் கணக்கு. நான் தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு பெரிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். புச்செல்லாதோ என்று பெயர், உலர்ந்த திராட்சையும் சோம்பும் போட்ட இனிப்பு ரொட்டி. "பெர் லா மாம்மா," என்று என் கையில் வைத்து அழுத்தினாள். அம்மாவுக்காம்.

"பட் அப்பா, வி ஆர் நாட் கோயிங் டு இந்தியா," என்றாள் உமா.

"சும்மா இரு," என்றேன்.

அன்றைக்கு ஊருக்கு வெளியே ஆற்றின் குறுக்கே இருக்கிற, பிசாசு கட்டியது என்று சொல்லும் பழைய கல் பாலத்தைப் பார்க்க பஸ்ஸில் போனோம். யானை முதுகு மாதிரி நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் உச்சியில் உட்கார்ந்து அந்த ரொட்டியை மூன்று பேருமாகத் தின்று தீர்த்தோம். ருசியாகத்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அந்தக் காலத்தில் இங்கே யாராவது எங்காவது போய்வந்தால் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பாட்லக், ஆளுக்கொரு பாத்திரத்தோடு வருவார்கள். சாம்பார் சாதம், சேமியா பாயசம் எல்லாம் ஆனபின் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, புரொஜெக்டரைப் போடுவோம். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவர் பெட்டியில் மற்றவர்கள் பொட்டலம் திணிப்பார்கள். என் நண்பன் சேகரின் அப்பா ராமநாதன் அங்கிள் மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு, நாங்கள் ஸ்லைடு காட்டிய சனிக்கிழமைக்கு அடுத்த நாள் கும்பகோணம் திரும்புகிறார். அப்பாவுக்கு விட்டமின் மாத்திரையும் ஒரு ஸ்வெட்டரும் கட்டி அவரிடம் கொடுத்தேன். "மாயவரம் என்ன தூரம், நேர்ல போயே குடுத்துடறேன்," என்றார் நல்ல மனுஷன். கொடுத்த கையோடு அவரை முன்வரிசை சோபாவில் உட்காரவைத்து, எண்பது ஸ்லைடையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது எந்த மாதம் தம்பி என்று கேட்டார். ஆனி மாதம் அங்கிள், நல்ல வெயில் என்றேன். பேச்சு என் வாயிலிருந்துதான் வந்தது, புத்தியில் உறைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஃப்ரீவேயில் போகும்போது உறைத்தது. காரை ஓரம் கட்டினேன். அதற்குள் அங்கிள் கும்பகோணம் போய்ச் சேர்ந்திருப்பார்.

அம்மா எழுதினாள். அவள் எழுத்தில் கோபம் இல்லை, நடந்ததை மட்டும் எழுதியிருந்தாள். வந்தவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, உங்க பிள்ளை இத்தாலி போன படம் எல்லாம் பாத்தேன் சார், கோட்டை மதில்மேல சைக்கிள் ஓட்டறார், ஆனி வெயில்ல என்ன அழகா இருக்கு தெரியுமா என்று வாய் ஓயாமல் சொன்னாராம். கூடத்தில் சித்தப்பா குடும்பமே உட்கார்ந்திருந்ததாம். அப்பா மட்டும், "ஆமா, எழுதியிருந்தான்," என்றாராம்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் அப்பா சொன்ன அந்தப் பொய் போதும், என் ஜன்மத்துக்கு. அதற்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய கடிதங்களில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மழை, உளுந்து அறுப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம். நானும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அடுத்த தை மாதம் ஊருக்குப் போனோம். பெட்டியைத் திறக்கும்போது யாரும் கிட்ட வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. விருந்துக்கும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் வாசலில் ஒரு வாடகை அம்பாசடர் நின்றது. வெளுத்த வேட்டி சட்டையில் அப்பா தயாராக இருந்தார். என்னை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, "வாங்க, கிளம்பலாம். லீவுல வந்திருக்கீங்க, நாலு இடம் பாக்க வேணாமா," என்றார். தரங்கம்பாடிக்குப் போனோம். கோட்டையைச் சுற்றிக் காட்டினார். டேனிஷ்காரன் எப்போது வந்தான், எப்போது விற்றுவிட்டுப் போனான், எல்லாம் சொன்னார். எங்கள் மூவரையும் சுவரோரம் நிற்கவைத்து என் கேமராவில் படம் எடுத்தார். நீங்களும் நில்லுங்கப்பா என்றேன். காதில் விழாத மாதிரி நடந்தார்.

அங்கிருந்து திருக்கடையூர். வெளிப் பிராகாரத்தில் ஒரு தூண் பக்கம் நின்று, "இங்கதான் நானும் அம்மாவும் உக்காந்தோம். கலசத் தண்ணி ஊத்தினது சித்தப்பா பையன்," என்றார், தரங்கம்பாடியில் சொன்ன அதே குரலில். வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வழியாக வந்த குருக்கள் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"சௌக்கியமா? இவாள்ளாம் யாரு?"

"அமெரிக்காவுலேருந்து வந்திருக்காங்க," என்றார் அப்பா. "கோயில் சுத்திப் பாக்கணும்னாங்க."

குருக்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். இது மிகப் பழைய கோயில், அறுபது வயதானவர்களுக்கு இங்கே மறுபடி கல்யாணம் நடக்கும், தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள்தான் முன்னால் நின்று நடத்திவைப்பார்கள், எங்கள் தேசத்து வழக்கம் இது என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்பாவும் பக்கத்திலேயே நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.