வெர்னா கழற்றிய பேட்டரி

வெர்னா கில்லரியை வம்புக்கு இழுத்துவிட்டு எங்கள் ஊரில் நிம்மதியாகத் தூங்கியவன் ஒருவன்தான், கர்ட்டிஸ் டிராஹான். அவனை எனக்கும் ஆகாது. அதை மறைத்து எழுதப் போவதில்லை.

வெர்னாவுக்கு வயது ஐம்பத்தேழு. லூசியானாவின் இந்தச் சதுப்புப் பக்கத்தில், பிஸ்டலின் மேல்பாகத்தைக் கடைந்து சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணாடிக்குள் தெரிகிற புள்ளியை இலக்கில் வைத்துச் சுட்டால் போதும். பழைய இரும்புக் குறி, அதாவது முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பிளவு, இனி எதற்கு என்று எல்லோரும் கழற்றி எறிந்தார்கள். வெர்னாவும் எறிந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், துப்பாக்கி சுடும் கிளப் போட்டியில் அவள் முறை வந்தபோது புள்ளி அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. எங்கள் கிளப்பில் சுடுகிறவர்களே மாறி மாறி டைமர் பிடிப்பது வழக்கம். அன்று பிடித்தவன் கர்ட்டிஸ்.

“ஒரு நிமிஷம் குடு, மாத்திக்கிறேன்” என்றாள் வெர்னா.

“ஊருக்கெல்லாம் மாட்டிக் குடுக்கறீங்க, உங்களோடத பாத்துக்கத் தெரியலையா மிஸ் வெர்னா?” என்றபடியே பொத்தானை அழுத்தினான்.

இலக்காக நிறுத்தியிருந்த ஐந்து இரும்புத் தகட்டில் ஒன்றுகூட விழவில்லை. அதை மீன் பிடிக்கிற இடத்திலும், பூடான் என்கிற எங்கள் ஊர்த் தொத்திறைச்சி வாங்குகிற வரிசையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் கடைக்கு வருகிற வேலை பாதியாகக் குறைந்தது.

அவள் சண்டைக்குப் போகவில்லை. கண்ணாடி வழியாகவே தெரியும் அளவுக்கு உயரமான இரும்புக் குறியைத் தன் பிஸ்டலில் பொருத்தினாள். புள்ளியை அணைத்துவிட்டு, மூன்று வருடம் வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பழகினாள்.

“கெழவி ஊன்றுகோல் வச்சிக்கிட்டா” என்றான் கர்ட்டிஸ்.

போன ஆகஸ்டில்தான் அவளுக்கு வேளை வந்தது. விடிந்ததுமே தாங்க முடியாத புழுக்கம். ஏசி வண்டியில் சில்லென்று கிடந்த துப்பாக்கிப் பையை கர்ட்டிஸ் நேராகச் சுடுமிடத்துக்குக் கொண்டுவந்தான். முறை வரும்முன் துப்பாக்கியை வெளியே எடுக்கக் கூடாது என்பது ரேஞ்சின் சட்டம். எடுத்தான், கண்ணாடி வெள்ளையாகப் பனித்துவிட்டது. சட்டையால் துடைத்தான், மறுபடி பனித்தது. அவன் பிஸ்டலில் இரும்புக் குறியும் கிடையாது. டைமர் வெர்னாவின் கையில் இருந்தது.

அழுத்து, அழுத்து என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

“மிஸ் வெர்னா... ஒரு நிமிஷம் குடுங்களேன்.”

“பத்து நிமிஷமே எடுத்துக்க. நல்லா காயட்டும். அப்புறம் கண்ணாடி மேல பழி போடக் கூடாது பாரு.”

ஊரே பார்க்க, காது சிவந்து நின்றான். காய்ந்தபின் நன்றாகவே சுட்டான்: ஐந்து தகடு, நான்கேகால் நொடி.

அடுத்தது அவள். டைமரை என்னிடம் கொடுத்தாள். தன் கண்ணாடியிலிருந்து பேட்டரியைக் கழற்றி, பக்கத்தில் நின்ற கர்ட்டிஸின் சட்டைப்பையில் போட்டாள்.

“இத வச்சிரு.”

இரும்புக் குறியை மட்டும் வைத்து ஐந்தையும் வீழ்த்தினாள். மூன்று புள்ளி ஒன்பது நொடி. அதை நான் வேண்டுமென்றே இரண்டு தடவை உரக்கப் படித்தேன். கர்ட்டிஸ் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

வண்டியில் ஏறும்போது கேட்டேன், “இப்பவாவது மனசு ஆறுச்சா?”

“எங்க ஆறுது? மூணு வருஷம் சிரிச்சவன், ஒரு தடவதான தோத்திருக்கான். அடுத்த மாசப் போட்டிக்கு வராம இருந்துடுவானோன்னுதான் பயமா இருக்கு.”