போனார், ஓடிப்போனார்

ஷார்ஜாவில் யாரும் சும்மா வேலையை விட்டு நிற்பதில்லை. 'ரிசைன்' செய்வார்கள், இல்லையென்றால் 'டெர்மினேட்' செய்யப்படுவார்கள், அதுவும் இல்லையென்றால் சொல்லாமல் ஓடிப்போய் 'அப்ஸ்காண்ட்' ஆவார்கள். தாம்பரத்தில் ஒரு ஆள் நாலு நாள் வரவில்லையென்றால் "நின்னுட்டான் சார்" என்பார்கள். அடுத்த வாரம் அவனே டிபன் டப்பாவோடு வந்து இறங்குவான். யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளமாட்டார்கள். இங்கே அந்த நாலு நாளுக்கு ஒரு ஆங்கில வினைச்சொல் வேண்டும். 2004-ல் இரும்புக் கூரை போடும் ஒரு கம்பெனியில் கடிதம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்று வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை அது நசீருக்காகத் தேவைப்பட்டது. நசீர் பல்லாவரத்துக்காரர், வெல்டர், என் அறையில் அடுத்த கட்டில். மகளின் நிக்காஹுக்கு லீவு கேட்டார். ஃபோர்மேன் மறுத்தார். வாய்ச்சண்டை முற்றி, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அஜ்மானில் ஒரு நண்பரின் அறைக்குப் போய்விட்டார். மேலாளரை இங்கே முதீர் என்போம். ஐந்தாம் நாள் காலை அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார். 'அப்ஸ்காண்டட்' என்று போனால் விசா ரத்து. பிடிபட்டால் சிறை, பிறகு ஊருக்கு விமானம். திரும்பவும் இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. நான் 'லெஃப்ட்' என்று அடித்துக் கொண்டுபோனேன்.

"லெஃப்ட்? ஹூ கேவ் பெர்மிஷன்?" என்றார் முதீர். யாரோ அனுமதி கொடுத்து அனுப்பியதாக நான் எழுதியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"நோபடி, சார்."

"தென் அப்ஸ்காண்டட்." தாளைத் தள்ளிவிட்டார்.

இடத்துக்கு வந்தும் என்னால் உட்கார முடியவில்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழ் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே வருவதற்கு முன் தாம்பரத்திலிருந்து ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைத் துண்டுகள் காணாமல் போயின. 'தலைமறைவாகிவிட்ட தொழிலாளியைத் தேடி வருகிறார்கள்' என்று காவல் நிலையத்தில் கொடுத்த வரியை அப்படியே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தத் தொழிலாளி பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் தாம்பரம் ஆபீசுக்கே வந்தார்.

"கேளம்பாக்கத்துல அக்கா புள்ளைக்குக் காது குத்து சார். மூணு நாளு அங்க இருந்தேன். இதுக்குப் பேரு தலைமறைவா?"

"போலீஸ்ல குடுத்ததைத்தான் போட்டோம்."

"அவங்க குடுத்தா நீ வந்து கேக்க மாட்டியா? என் வூடு குரோம்பேட்டைல கீது. இங்கேர்ந்து ரெண்டு டேஷன்."

திருடியவர் வேறொருவர் என்று பிறகு தெரிந்தது. மறுப்புச் செய்தி எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

திரும்ப முதீரின் அறைக்குப் போய், மத்தியானம் வரை அவகாசம் கேட்டேன். "யூ நோ வேர் ஹி இஸ்?" என்றார். 'ஐ நோ' என்றால் ஐந்து நாள் மறைத்தவன் ஆவேன். என் வேலையும் போகும். "ஐ கேன் ஃபைண்ட்" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபைண்ட்" என்றார்.

அஜ்மான் அறையில் நசீர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா மச்சான்?"

"இன்னும் இல்ல. இப்ப நீ வந்தா எழுத வேணாம்."

"வந்தா லீவு குடுப்பானா?"

"மாட்டார்."

"நல்லா சமாதானம் பேச வந்தே நீ." கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். டாக்ஸி பிடித்து வந்தோம். முதீரிடம் மன்னிப்புக் கேட்டார். வேலை நிலைத்தது; லீவு மூன்று மாதம் கழித்து என்றார்கள். அன்று சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிக்காஹ் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. இங்கே விடுமுறை நாள். நசீர் குளித்து, புதுச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். போன் கார்டு போட்டு ஊருக்கு அழைத்தார். பல்லாவரத்தில் மண்டப வாசலில் அவருடைய மைத்துனர் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லைன் கிடைப்பதற்குள் நசீர் என்னிடம் சொன்னார்: "அந்த வார்த்தையையே எழுதியிருந்தா, கவர்மெண்டே என்னைப் புடிச்சு வூட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கும். இந்நேரம் பந்தியில நின்னுகினு இருப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்திருக்கலாம்தான்.

அறைக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் நசீர் போனோடு வாசற்படிக்குப் போனார். அங்கே மண்டபத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று மைத்துனர் சொல்லச் சொல்ல, இவர் இங்கே கையை நீட்டி வரவேற்றார். "வாங்க பாய், வாங்க. அம்மா வரலியா? உள்ள போங்க, சாப்ட்டுதான் போகணும்." பக்கத்து அறைப் பட்டாணியர் ஒருவர் தண்ணீர் வாளியோடு நடைவழியில் வந்துகொண்டிருந்தார். நீட்டிய கையைப் பார்த்து நின்றார். தன்னையா என்று நெஞ்சில் விரல் வைத்துக் கேட்டார். நசீர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையாட்டினார். அவர் வாளியைச் சுவரோரம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.