கறிக்கடைக்காரர் வளர்த்த முல்லை

உத்திரமேரூர் கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் லுக்மானுக்கு, கல்யாணமான நாள் முதலாய் இருபத்திரண்டு வருஷமாக ஒரே கவலை: தன் மேல் அடிக்கும் கறி வாடை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்படியும் மனைவி சாய்ராவை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார்.

போன வருஷம் சாய்ரா, "ஜன்னலண்ட ஒரு கொடி வெச்சா இன்னாங்க?" என்றாள். அவ்வளவுதான். வாடை தாங்காமல்தான் கேட்கிறாள் என்று மனுஷர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். நர்சரியில் காகிதப்பூ, சங்குப்பூ, திராட்சை என்று காட்டினார்கள். "வாசனை வருமா?" என்ற ஒரே கேள்வியில் மூன்றும் கழிந்துபோய், முல்லை வீட்டுக்கு வந்தது.

லுக்மானுக்குத் தெரிந்த அன்பு, வயிறு நிறையப் போடுவது. தினமும் கறி கழுவின தண்ணீர் ஒரு வாளி, ஆட்டுக் குடலில் வழித்த சாணம் ஒரு சட்டி. கொடி ஜன்னலை மூடி மொட்டைமாடிக்கு ஏறியது. அறைக்குள் பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. மொட்டு மட்டும் மருந்துக்கும் இல்லை.

கறி வாங்க வந்த பூக்கார ஆண்டாளம்மாளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டார். அவள் வீட்டுக்கே வந்து பார்த்தாள்.

"இன்னா பாய், கொடி வளக்கறியா, கெடா வளக்கறியா? துன்ன துன்ன எலதான் வுடும். தை மாசம் ஒட்ட வெட்டிவுடு. கொஞ்ச நாளு தண்ணியும் காட்டாத. அப்பால சாம்பல் போடு, போதும்."

தினம் நாலு ஆடு உரிக்கிறவர், அந்தக் கொடியை வெட்ட மனசு வராமல் நாலு நாள் தள்ளிப்போட்டுத்தான் வெட்டினார். கொடியைக் காயப்போட்ட நாட்களில் அவருக்கே சோறு இறங்கவில்லை.

சித்திரையில் பூத்தது பாருங்கள், அப்பப்பா! தெருவே மணத்தது. லுக்மான் முதன்முதலாகச் சாய்ராவை ஒட்டி உட்கார்ந்தார்.

"இப்ப வாடை தெரியலயே?"

"இன்னா வாடை?"

"எம்மேல அடிக்கிற கறி வாடைதான். அதுக்குத்தானே கொடி கேட்ட?"

"யா அல்லா! மத்தியான வெயில் நேரா மூஞ்சில அடிக்குதேன்னு கேட்டேன்." சாய்ராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப் பெத்த எங்க அத்தாவும் கறிக்கடைதானே? அவரு மௌத்தாயி, கண்ண மூடி பத்து வருஷம் ஆவுது. வூட்டுல அந்த வாசனை இருந்தா எனக்கு எவ்ளோ தெம்பா இருக்கும்! நீங்கதான் கிட்டவே வர்றதில்ல."

இத்தனை வருஷமும் வீணாய்ப் போயிற்றே என்று லுக்மானுக்கு அழுகையே வந்துவிட்டது.