சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

எங்கள் ஆட்கள் சும்மா எங்கேயும் போவதில்லை. லண்டனுக்குப் போனால் அங்கே ஒன்றுவிட்ட அக்கா இருப்பாள். ரொறன்ரோவுக்குப் போனால் ஒரு கலியாணம் இருக்கும், பாரிசுக்குப் போனால் ஒரு செத்தவீடு. சூட்கேசில் பாதி மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும், மீதியில் எங்கள் உடுப்பு. ஓட்டலில் தங்கினோம் என்று கேள்விப்பட்டால் சொந்தக்காரர் ஆயுளுக்கும் கோபித்துக்கொள்வார்கள். அப்படியிருக்க, சிட்னியின் கிரவீனில் எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்த என் மனுசன் ஒரு பின்னேரம், "இஞ்சரும், இந்த வருசம் பெம்புரூக்‌ஷயருக்குப் போவமே?" என்று கேட்டபோது நான் வேறு என்ன கேட்பேன்?

"அங்கை எங்கடை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. வேல்ஸிலை ஒரு மூலை. சும்மா பாக்கத்தான்."

சும்மாவாம்! நாற்பது நிமிசம் ரெயில் ஏறினால் சிட்னிக் கடல். அதைப் பார்க்க வாருங்கள் என்று நான் கெஞ்சிய நாட்களில் கார் நிறுத்த இடமில்லை என்று சொன்ன மனுசன் இவர். சோழியன் குடுமி சும்மா ஆடாது. அன்றிலிருந்து நான் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினேன்.

அவரோ பாடசாலைப் பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதுபோல அந்த ஊரைப் படித்தார். சாப்பாட்டு மேசையில் ஐபாடை நிமிர்த்தி வைத்துவிட்டு எனக்கு வகுப்பெடுப்பார். டென்பி என்று ஒரு பட்டினம், கடலைப் பார்த்தபடி ரோசா, நீலம், மஞ்சள் என்று வரிசையாக வீடுகள். வற்றுக் கடலில் துறைமுகமே காய்ந்துபோக, வள்ளங்கள் மணலில் சாய்ந்து கிடக்குமாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தீவுக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம், பிந்தினால் தண்ணீர் சுற்றிக்கொள்ளும். செயின்ற் டேவிட்ஸ் என்று ஒரு நகரம், பிரித்தானியாவிலேயே சின்ன நகரம் அதுதானாம். அங்கே பெரிய தேவாலயம் ஒன்று பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஃபிஷ்கார்டில் அயர்லாந்துக்குக் கப்பல் எடுக்கலாம். கடலோரம் முழுக்க மலை விளிம்பில் ஒரு நடைபாதை. அதற்கென்று ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கிவிட்டார்! பக்கத்துக் கடைக்குக் காரில் போகிற மனுசன்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்தியது வேறு. டென்பியில் ஒரு இரவு, ஃபிஷ்கார்டில் ஒரு இரவு என்று பறக்கிற பயணத்தில், சொல்வா என்ற ஒரு குட்டிக் கிராமத்தில் மட்டும் மூன்று இரவு. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் "நல்ல காத்து" என்பார். தங்குவது ஒரு வெள்ளைக்கார அம்மா நடத்தும் வீடு. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உமக்கு இப்பவும் நாய் எண்டாப் பயமோ?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா."

மறுபடி சும்மா!

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சென்னைக்காரி இதைக் கேட்டுவிட்டு, "யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குக்கா போறீங்க? அங்கிளுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் நோயைச் சொல்ல மாட்டார்கள், கடைசி ஆசைபோல ஏதாவது செய்வார்கள். வீட்டுக்கு வந்து அவருடைய மருந்துப் பெட்டியைக் கிண்டினேன். பழைய பிறசர் குளிசைதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆறுதலாக இருந்தது. அதன் பிறகு சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

ஏனென்றால் மெல்பேர்னில் வெரிபீயில் இருக்கும் எங்கள் ஒரே மகனும் இதில் கூட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் எடுக்கிற பிள்ளை, இப்போது வேலை முடிந்து ரெயிலில் வரும்போதெல்லாம் எடுத்தான். ரிக்கெற் போட்டாச்சா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று எல்லாம் இங்கிலீசில் கேட்பான். நான் தமிழில் கேட்பதற்கும் அவனுக்கு இங்கிலீசில்தான் பதில் வரும். "யூ வில் லவ் இட், அம்மா." போகாத ஊரைப் பற்றி இவனுக்கு என்ன இவ்வளவு உறுதி?

சொல்லாமல் செய்வதில் என் மனுசன் பழைய ஆள். ஊரில் என்னைப் பெண் பார்த்ததே அப்படித்தான். கோயிலில் வைத்துப் பெண்ணைக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் தாய் தகப்பனுக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவளுக்கு மனமும் நோகாது என்று அதற்கு ஒரு நியாயம். அன்று நான் என் செருப்பைக் காணவில்லை என்று வாசலில் நின்று ஒரு பெடியனோடு வாய்த்தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர் தூணடியில் நின்று பார்த்தாராம். கலியாணம் முடிந்தபிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை, இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் மரக்கறி வாங்கப் பக்கத்துப் பெண்டில் ஹில்லுக்குப் போனார். போனைக் குசினி மேசையில் விட்டுவிட்டார். அது அடித்தது, வீடியோ அழைப்பு. எடுத்தேன். என் வயதில் ஒரு வெள்ளைக்கார அம்மா, மடியில் தலை வைத்தபடி ஒரு பெரிய நாய். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நீங்களா! மகனுக்கு அப்படியே உங்கள் நெற்றி," என்றார்.

"என் மகனை நீங்கள் எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு, பாவம், அவரால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. அவருடைய மகள் மெல்பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள். போன வருசம் வேலை விசயமாக லண்டனுக்கு என்று சொல்லிப் போன என் மகன், சொல்வாவில் நாங்கள் தங்கப்போகிற இந்த அம்மாவின் வீட்டில் அவளோடு ஒரு கிழமை இருந்திருக்கிறான். இந்த முறையும் இருவரும் எங்களுக்கு முதலே அங்கே வந்து நிற்பார்களாம். "உங்களுக்குச் சொல்லாமல் கூட்டி வருவது சரியில்லை என்று நான் அப்போதே சொன்னேன்," என்றார் அந்த அம்மா. கண் கலங்கியிருந்தது. "எனக்கும் பயம்தான். உங்களுக்கு எங்களைப் பிடிக்குமோ என்று. உங்கள் அறைக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறேன்."

நல்ல மனுசி. அவரோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபத்தை வீட்டுக்கு வருகிறவருக்காக வைத்துக்கொண்டேன்.

மனுசன் முருங்கைக்காய்க் கட்டோடு உள்ளே வந்தார்.

"சம்பந்தியம்மா எடுத்தவ," என்றேன். "அறைக்குப் பெயின்ற் அடிச்சிட்டாவாம்."

முருங்கைக்காயைக் கீழே வைக்காமலே கதிரையில் இருந்துவிட்டார்.

"அண்டைக்கு எனக்குச் சொல்லாமல் என்னைப் பாத்தனீங்கள். இண்டைக்கு எனக்குச் சொல்லாமல் என்னைக் கொண்டுபோய்க் காட்டப் பாக்கிறீங்கள். நான் என்ன சந்தை மாடோ?"

"உமக்கு மனம் நோகக்கூடாதெண்டுதான்..."

"எனக்குப் பிடிக்காட்டில் என்ன செய்யிறதாம்?"

அவர் முருங்கைக்காயைப் பார்த்தார். "பிடிக்காட்டில் ஊரைப் பாத்திட்டு வாறது. உம்மட்டைச் சொல்லவே வேண்டாம் எண்டவன் பிள்ளை. அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்கும் சொல்லிப்போட்டான். அம்மா முகம் சுழிச்சா இதை இதோடை விடுறதெண்டு."

எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டேன். நானும் இருந்தேன். நான் எதற்குத்தான் முகம் சுழிக்க மாட்டேன்? சீனி குறைந்த தேத்தண்ணிக்கு, சோபாவில் ஒட்டிய நாய் மயிருக்கு. அந்த நாய் வந்து என் சேலையை மோந்திருக்கும், நான் கத்தியிருப்பேன். அறையின் மற்றப் பக்கத்தில் நின்று என் பிள்ளை அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். நான் வீட்டுக்கு வந்து டென்பிப் படங்களை எல்லாருக்கும் காட்டியிருப்பேன். சாகும்வரை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனை எடுத்து வெரிபீக்கு அடித்தேன்.

"ஹாய் அம்மா. எவ்ரிதிங் ஓகே?"

ஏசுவதற்கு நிறைய வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நாய் வீட்டுக்குள்ளை நிண்டாப் பரவாயில்லை," என்றேன். "ஆனா என்ரை கட்டிலிலை ஏறக்கூடாதெண்டு அந்த அம்மாவுக்குச் சொல்லு."

என் மகன் தமிழில் கேட்டான்.

"உங்களுக்கு ஆர் அம்மா சொன்னது?"

"நீ சொல்லேல்லை," என்றேன்.