கழுதை வளைவில் ஒரு கம்பு

அந்த ஆண்டு கோல்டர் ஊருக்குக் கிறிஸ்துமஸ் முன்னதாகவே வந்துவிட்டது. பெரும்புயல் வருகிறது என்று தெரிந்ததும் பாதிரியார் பூசையை முன்கூட்டியே நடத்தி முடித்தார். மின்சாரம் போவதற்குள் வெந்துவிடட்டும் என்று வீட்டுக்கு வீடு வான்கோழி அடுப்பேறியது. குளியல் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பியது. பனியைத் தள்ள வழிவிட்டு, கார்கள் எல்லாம் தெருவின் ஒரே பக்கமாக ஒதுங்கின. கடையில் ரொட்டியும் பேட்டரியும் தீர்ந்து, அன்னாசி டப்பாக்கள் மட்டும் மிஞ்சின.

நெல்டா சாப்பாட்டு மேசையிலிருந்து பாதியில் எழுந்து பூட்ஸை மாட்டினாள். அவள் தம்பி கார்பின் விடியும்போதே பனி தள்ளும் லாரியை எடுத்துக்கொண்டு கணவாய்க்கு ஏறியிருந்தான். அவன் திரும்பி இறங்குவதற்குள் சாலையோரக் கம்புகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

"இன்னைக்குமா குச்சி நடப் போறீங்க, அண்ணி?" கார்பினின் மனைவி டெஸ்ஸா கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டாள். "உங்க தம்பி வர்றதுக்குள்ள கோழிக்கால காலி பண்ணிடுவேன், சொல்லிட்டேன்."

"அவனுக்குக் கழுத்து போதும். கால் எனக்கு எடுத்து வை."

கோடையில் நெல்டா ரயிலடி உணவகத்தில் பரிமாறுவாள். காட்டில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் அவளுடைய மறு வேலை ஆரம்பமாகும். ஆளுயரத்துக்கும் மேலான கம்புகள், தலையில் ஆரஞ்சு வண்ணம். தரை உறைவதற்குள் கடப்பாரையால் குழி போட்டு, கணவாய்ச் சாலையின் பள்ளத்துப் பக்க விளிம்பு நெடுக நட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தச் சாலைக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. சுவர் இருந்தால் பனியைத் தள்ள இடம் ஏது? பனி மூடியபின் லாரி ஓட்டுகிறவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை, கம்புகளைத்தான் பார்ப்பார்கள். கம்புக்கு இந்தப் பக்கம் தரை. அந்தப் பக்கம், ஆறு வரைக்கும் காற்று.

வசந்தத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிக் கொட்டகையில் அடுக்கிவிடுவாள். கான்சஸ் சமவெளியிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கேட்டால், "குச்சி நடுறேன், பிறகு பிடுங்குறேன்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தொலைபேசியை வைத்தபின் சில நாட்கள் அந்தச் சிரிப்பு அவளுக்கே உறுத்தும். இதையெல்லாம் ஒரு வேலை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

மலையடிவாரத்தில் கணவாய்ச் சாலையை அடைக்கும் கதவு புயலுக்காக மூடிக் கிடந்தது. சாலைக்காரர்களின் சாவியால் திறந்து உள்ளே போனாள். கழுதை வளைவுக்கு முன்னால், பாறை ஓரம் அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்தியபோது பனி குறுக்குவாட்டில் பறக்கத் தொடங்கியிருந்தது. வளைவின் நட்ட நடுவில், பள்ளத்து விளிம்பில், அவளுடைய கம்பு நின்றது. அதன் கழுத்தில் பெரிய சிவப்பு ரிப்பன்.

விடுமுறைக்கு வந்தவர்கள் வேலை. படம் எடுக்க நிறுத்தியிருப்பார்கள். நெல்டா சிரித்துக்கொண்டே அதை நோக்கி நடந்தாள். கம்பு ஆடியது. கெட்டிப்படுத்தலாம் என்று பக்கத்திலேயே கடப்பாரையை ஓங்கி இறக்கினாள்.

கடப்பாரை எதிலும் முட்டவில்லை. கைப்பிடி வரை இறங்கியது.

மெல்ல வெளியே இழுத்தாள். அந்தத் துளை வழியாக, அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. நீலமான வெளிச்சம். கூடவே ஒரு காற்று மேல்நோக்கி ஊதி அவள் முகத்தில் பட்டது. குனிந்து பார்த்தாள். வெகு கீழே, தீக்குச்சிகளை நட்டுவைத்தது போல ஊசியிலை மரங்கள்.

லாரிகள் தள்ளித் தள்ளிக் கெட்டியான பனி, விளிம்புக்கு வெளியே ஒரு பலகை போல நீண்டிருந்தது. அவள் அதன்மேல் நின்றிருந்தாள். யாருடைய காரோ இடித்துச் சாய்த்த கம்பை, பாவம், நல்ல மனதோடு நிமிர்த்தி, மென்மையான இடமாகப் பார்த்து நட்டு, ரிப்பனும் கட்டியிருக்கிறார்கள். அத்தனை கம்புகளையும் நட்டவளே, கம்பு நிற்கிறது, தரை இருக்கும் என்று நடந்து வந்துவிட்டாள். கார்பின் மட்டும் வேறு என்ன செய்வான்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பைப் பிடுங்கினாள். வந்த காலடிகளிலேயே திரும்பக் கால் வைத்துப் பின்வாங்கினாள். வாக்கி டாக்கியை அழுத்தினாள்.

"கார்பின், கழுதை வளைவுல நில்லு. கேக்குதா? டேய், நில்லுடா!"

கரகரப்புதான் பதில். அந்த வளைவில் எப்போதும் அப்படித்தான்.

பழைய குழி எங்கோ பனிக்கடியில் இருக்க வேண்டும். மண்டியிட்டுக் கடப்பாரையால் குத்திக்கொண்டே நகர்ந்தாள். டங். உறைந்த தரை. டங். மறுபடி தரை. மேலே எங்கோ லாரியின் உறுமல் கேட்டது. பாறைச் சுவர்கூட இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. டங். டங். பிறகு ஒரு மெத்தென்ற இறக்கம். முழங்கை ஆழம் போய், இறுகப் பிடித்தது.

கம்பை அதில் இறக்கி, சுற்றிலும் கற்களை வைத்து மிதித்துவிட்டு, பாறைப் பக்கம் ஓடினாள்.

வளைவுக்கு முன் கார்பின் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். "உன் குச்சிக்கு ஒரு சலாம் அக்கா" என்று அவன் எப்போதும் கிண்டல் செய்யும் ஹாரன். வெண்மைக்குள்ளிருந்து மஞ்சள் விளக்குகள் வந்தன. லாரி தயங்கவில்லை, வேகமும் குறையவில்லை. எதுவுமே தெரியாத அந்த வெளியில், கம்பை ஒட்டி, வரைந்த கோட்டில் போவது போலப் போனது. முன்தகடு தள்ளிய பனி அலையாக எழுந்து பள்ளத்தில் சரிந்தது. அதன் பாரத்தில், அவள் நின்றிருந்த பலகை முழுவதுமாகப் பெயர்ந்தது.

சத்தமே இல்லை. பலகை இருந்தது, இப்போது இல்லை. எவ்வளவோ நேரம் கழித்து, கீழே மலை ஒருமுறை கனைத்துக்கொண்டது.

கம்பு நின்றது. நெல்டா கையுறையைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஒரு மனிதன், அவன் லாரி, அவனுக்காக ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாடு, எல்லாம் இந்தக் குச்சியை நம்பி இறங்கிப் போயிருக்கின்றன. இன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும்.

அவளுடைய வண்டியைக் கண்டு கார்பின் லாரியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"இங்க என்னக்கா பண்ற? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

"ஒரு கம்பு இடம் மாறியிருந்துச்சு. அந்த வளைவுல உனக்கு என்னடா தெரிஞ்சுது?"

"உன் குச்சிதான். வேற ஒண்ணும் தெரியல." அவன் சிரித்தான். "ரிப்பன் எல்லாம் கட்டி அசத்திட்டியே! பெரிய கலைஞர் ஆயிட்ட போ."

"அது நான் கட்டலடா."

"சரி, வண்டியை எடு. என் பின்னாலேயே வா. டெஸ்ஸா எனக்குக் கோழிக்கால் வச்சிருக்காளா, இல்லையா?"

"கழுத்துதான்" என்றாள் நெல்டா. சொல்லும்போதே கண்ணீர் வந்து இமையில் உறைந்தது. ரிப்பனை அவிழ்க்காமல் வண்டியில் ஏறினாள்.