கேட்கும் முன்னே கொடுத்தவள்

பன்னிரண்டு வருடம் துணிக்கடையில் நின்றவளுக்கு, வந்தவர் வாயைத் திறப்பதற்குள் துணியை எடுத்துப் போடத் தெரியும். கண் எந்த அடுக்கில் நிற்கிறது, விரல் எந்த நிறத்தைத் தடவுகிறது என்று பார்த்தாலே அவளுக்குப் போதும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் சிறப்புப் பள்ளியில் அவள் காலை வாரிவிட்டது.

வயது நாற்பத்தொன்று. கடையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே, ஓய்வு நாட்களில் வகுப்புக்குப் போய், சிறப்புக் கல்வி உதவியாளர் படிப்பை முடித்து வைத்திருந்தாள். அவள் எதிர்பார்த்தபடியே கடை அவளைத்தான் முதலில் அனுப்பியது. பள்ளி மூன்று மாதம் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. முடிவில் வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், போடாவிட்டால் வீடு. அந்த டீச்சரிடம் ஒரே வருடத்தில் நான்கு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருத்திக்கும் கையெழுத்து விழவில்லை.

டீச்சர் அவளைவிட ஒன்பது வயது இளையவள். முதல் நாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"துணிக்கடைல, டீச்சர்."

"சரி. இங்க மடிச்சு அடுக்குற வேலை இல்ல."

மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்க அவளுக்கு 'ஜவுளிக்கடை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டை வைத்திருந்த வயதான கிளார்க் அதோடு விடவில்லை. "என்ன ஜவுளிக்கடை, எத்தனை நாள் இருப்பீங்க? சொல்லிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி கோடு போட்டு வச்சுடுவேன்."

வகுப்பில் ஆறு பிள்ளைகள். அவள் பொறுப்பில் விட்டது எட்டு வயதுப் பெண்ணை. பேச்சு வராது. கிடைத்த இடத்தில் எல்லாம் நகத்தால் தட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் வீட்டிலும் பள்ளியிலும் 'டிக்டிக்'. டிக்டிக்கின் இடுப்புப் பட்டையில் நான்கு பட அட்டைகள் ஒட்டியிருக்கும்: தண்ணீர், கழிப்பறை, ஊஞ்சல், போதும். வேண்டியதை உரித்தெடுத்து யார் கையிலாவது வைக்க வேண்டும். வைத்தால் அது உடனே கிடைக்கும். இந்த ஒரு காரியத்தைப் பழக்க டீச்சருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஜவுளிக்கடைக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. தட்டுவது மெதுவானால் தாகம். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டால் கழிப்பறை. கண் ஜன்னல் பக்கம் போனால் ஊஞ்சல். டிக்டிக் நினைத்து முடிப்பதற்குள் இவள் கொண்டுவந்து நிறுத்தினாள். அழுகை இல்லை, உடுப்பு நனையவில்லை. நாலாவது வாரம் முடியும்போது, ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போய் நின்றாள்.

டீச்சர் குறிப்பு நோட்டை அவள் பக்கம் திருப்பினாள். "நீங்க வந்த அன்னைக்குப் பதினாலு அட்டை குடுத்திருக்கா. போன வாரம் நாளைக்கு மூணு. நேத்து ஒண்ணுகூட இல்ல."

"ஒரு நாள்கூட அழலையே டீச்சர்."

"எதுக்கு அழணும்? கண்ணசைச்சா எல்லாம் வருது. நாளைக்கு நீங்க காய்ச்சல்னு படுத்துட்டா அவ தாகத்தை யார்கிட்ட சொல்லுவா? எட்டு மாசம் பாடுபட்டு நான் அவ வாயைத் திறந்தேன். நீங்க நாலே வாரத்துல தைச்சுட்டீங்க. தையல் சுத்தமா இருக்கு, அதைச் சொல்லணும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. டீச்சர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நாளையிலேர்ந்து அட்டை கைக்கு வர்ற வரைக்கும் நீங்க கல்லு. முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. கையை விரிச்சு வச்சுட்டு நில்லுங்க."

தாகத்தில் வாட விடும் வேலை அல்ல அது. மணிக்கொரு முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் உண்டு. இடையில் வேண்டுமானால்தான் கேட்க வேண்டும். இதெல்லாம் டிக்டிக்குக்குப் புரியுமா? இத்தனை நாள் ஓடி ஓடிச் செய்தவள் திடீரென்று மரம் மாதிரி நின்றால் எட்டு வயதுக்குக் கோபம் வராதா? இரண்டாம் நாள் முடியைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் நாள் முன்கையில் கடித்தாள்.

வீட்டில் கணவன் அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். "கடையில இருந்தப்ப கால் வீங்கி வருவே. இப்ப கை. அடுத்த வேலை எந்த உறுப்புக்கு?"

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். போட்டுச் சாப்பிடுங்க," என்றாள்.

அந்த வாரம் அவளுக்கு டீச்சரையும் பிடிக்கவில்லை, டிக்டிக்கையும் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று வேலை விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நேரத்துக்குப் போனாள், கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஆறாம் நாள் தண்ணீர் அட்டை கையில் வந்து விழுந்தது. வைத்தாள் என்று சொல்ல முடியாது, ஓங்கி அறைந்தாள். பத்தாவது வாரத்தில் எண்ணிக்கை நாளுக்குப் பன்னிரண்டாக ஏறியது.

டீச்சர் அப்போதும் இறங்கி வரவில்லை. "எல்லாம் உங்க கைக்கு மட்டும்தான் வருது. எங்கிட்டகூட இப்ப குடுக்கிறதில்ல. அதே தப்பு, சட்டையை மாத்தியிருக்கு. தள்ளி நில்லுங்க. கையைப் பின்னால கட்டிக்குங்க. அவ வேற ஆளைத் தேடட்டும்."

அப்படி அவள் தள்ளி நின்ற ஒரு நாளில்தான் டிக்டிக்கின் அம்மா சீக்கிரமாக வந்துவிட்டாள். சோதனைக் காலத்தின் கடைசி வாரம். கதவுக் கண்ணாடி வழியே அந்த அம்மா கண்டது இவ்வளவுதான்: மகள் கத்திக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் பாட்டில் அலமாரியில் இருக்கிறது, உதவியாளர் கைகட்டி நிற்கிறாள். மகளை இழுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். டீச்சரும் ஜவுளிக்கடையும் அழைக்கப்பட்டார்கள். மூலையில் கிளார்க், மேசையில் பதிவேட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஜெயில்லகூட கேட்டா தண்ணி குடுப்பாங்க," என்றாள் அம்மா. "இந்தம்மா வேடிக்கை பாக்குது."

"நான்தான் நிக்கச் சொன்னேன்," என்றாள் டீச்சர்.

"அப்ப ரெண்டு பேரையும் மாத்துங்க."

மேசை விளிம்பில் டிக்டிக் தட்டுவது மெதுவானது. அம்மாவின் கை தானாகப் பைக்குள் போய்ப் பாட்டிலை எடுத்தது.

"குடுக்காதீங்க," என்றாள் ஜவுளிக்கடை.

"என் பொண்ணுக்குத் தண்ணி குடுக்க உன்கிட்ட கேக்கணுமா?"

"ஒரு நிமிஷம்தான் சொல்றேன்."

"நீங்க பேசாதீங்கம்மா," என்று தலைமையாசிரியை அவளை அதட்டினார்.

அவள் வாயை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வேலை போனது போனதுதான் என்று தோன்றியது. இப்போது திரும்பிப் பார்த்தால் டிக்டிக் தன்னிடமே வருவாள் என்பதும் தெரிந்தது. கழுத்தைத் திருப்பவில்லை. டீச்சர் தரையைப் பார்த்தாள். அம்மாவோ பாட்டிலைக் கையில் பிடித்தபடியே, திட்டுகிற வேகத்தில் அதைத் திறக்க மறந்துபோனாள்.

டிக்டிக் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளார்க் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பட்டையிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்தாள், நடந்தாள், அவர் பதிவேட்டின்மேல் அறைந்தாள்.

"இது எதுக்கு எனக்கு?" என்றார் கிளார்க். "சீல் வைக்கணுமா?"

"அட்டையில என்ன இருக்கோ அதைக் குடுங்க," என்றாள் டீச்சர். "சீக்கிரம்."

அவர் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்து, கூஜாவிலிருந்து இன்னொரு டம்ளரை நிரப்பி நீட்டினார். டிக்டிக் பாதியைக் குடித்தாள். மீதி பதிவேட்டிலும் தரையிலும் ஓடியது.

"போச்சு, ஒரு மாசத்துக் கையெழுத்து," என்றார் கிளார்க்.

அம்மா தலைமையாசிரியையிடம் மட்டும் சொன்னாள். "வெளியாள்கிட்ட அவ இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல." பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "இருந்தாலும் புகாரை நான் திரும்ப வாங்க மாட்டேன். இந்தம்மா என் பொண்ணு பக்கத்துல வேணாம்."

தலைமையாசிரியை அதை எழுதிக்கொண்டார். அம்மாவும் மகளும் போனார்கள். டிக்டிக் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் மேசையில் கிடந்த சோதனைக் காலப் படிவத்தை இழுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

"வேற பிள்ளை தர்றேன். பதினொரு வயசுப் பொண்ணு, உதைப்பா. செருப்பு வேணாம், ஷூ போட்டுட்டு வாங்க." பேனாவை மூடினாள். "கையெழுத்துப் போட்டுட்டேன்கிறதால உங்களை எனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்க வேணாம்."

"எனக்கும் அப்படித்தான், டீச்சர்," என்றாள் அவள். தரைத் துடைப்பான் எங்கே என்று கேட்டாள். டீச்சர் மோவாயால் கதவுப் பக்கம் காட்டினாள்.